பத்து மீட்டர்

ஜேசி ரோட்டில் நவீத் மாட்டிக்கொடுத்தான்.
பழசுதான், ஆனால் சிடியும் பாடும், ப்ளூடூத்தும் பிடிக்கும்.
முகம் மட்டும் தனியே கழன்று வரும்,
திருட்டுக்குப் பயந்தால் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம்.
இரண்டாயிரத்து எண்ணூறு, கூலி தனி.

அன்று என் போனில் சார்ஜ் இல்லை.
சுகிர்தாவின் போனை வாங்கித்தான் பழக்கினேன்.
பட்டனை நான்கு நொடி அழுத்திப் பிடித்தால்
நீல விளக்கு அவசரமாகச் சிமிட்டும்,
நான்கு சைபர் கேட்கும்,
கொடுத்ததும் நிதானமாகும்.
போனுக்குத் தமிழில் தன் பெயர் வைத்திருந்தாள்.
ஸ்டீரியோவுக்குத் தமிழ் தெரியாது.
எட்டுக் கேள்விக்குறிகள் திரையில்
வலமிருந்து இடமாக ஓடின.

ஹுளிமாவில் முதல் மாடி எங்களுக்கு.
கார் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே சமையலறை.
பத்து மீட்டர் எட்டும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது,
நடுவில் இருக்கும் தளத்தைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சிடியைச் சோதிக்கத்தான் இறங்கினேன்.
கல்யாணமான வருடம் நானே பதிந்தது,
மார்க்கரில் 'ஊட்டி போக' என்று எழுதியது.
ஊட்டி போகவில்லை, அது வேறு கதை.
வாயில் வைத்ததும் விழுங்கியது.
உள்ளே எதையோ உரசி, யோசித்து,
பாட ஆரம்பித்துப் பன்னிரண்டு நொடி இருக்கும்.
பாட்டை அறுத்துக்கொண்டு
நான்கு கதவுகளிலிருந்தும் பிரபாவதி அக்கா:

"இன்னுமா அவர்கிட்ட சொல்லலை நீ?"

கோயம்புத்தூரில் ஒரு குக்கர்
என் பின்சீட்டில் விசிலடித்தது.
"சுகி? ஏய் சுகி, கேக்குதா?"

மேலே சுகிர்தாவின் ஹலோ ஹலோ
ஜன்னல் வழியே, எந்த இணைப்பும் இல்லாமல்
வெறும் காற்றில் இறங்கி வந்தது.
மைக் என் நெற்றிக்கு மேலே கிளிப்பில் இருந்தது.
தும்மினால் கோயம்புத்தூரில் கேட்கும்.

வால்யூமைக் குறைத்தேன், எதற்கென்று தெரியவில்லை.
சிடி பட்டனை அழுத்தினேன்,
பேச்சு முடியும்வரை பாட்டுக்கு முறை கிடையாதாம்.
சிவப்பை அழுத்தினால் அக்கா அறுந்துபோவாள்.
பச்சையை அழுத்தினால் என்ன ஆகும் என்று
நவீத் சொல்லித்தரவில்லை.
சாவியைத் திருப்பினேன்.
"ஆங், இப்பக் கேக்குது" என்றது மாடி.
அப்புறம் ஜன்னல் சாத்தும் சத்தம்.
கொசுவுக்காக இருக்கும், மணி ஆறரை.

வேலையா, டாக்டரா, அந்தச் சீட்டுப் பணமா,
'அவர்' என்றால் நான்தானா,
அவளுடைய மேனேஜரும் அவர்தானே.
இருட்டில் உட்கார்ந்து
ஓடாத காரில் இவ்வளவு தூரம் போய்வந்தேன்.

"ஸ்டீரியோ வேலை செய்யுதா?" என்றாள் தோசை திருப்பியபடி.
"நல்லாவே கேக்குது."

திங்கள் காலை சில்க் போர்டு.
மெட்ரோத் தூண்களுக்கு அடியில் எல்லோரும் ஊறிக்கொண்டிருந்தோம்.
ஆபீஸ் அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு
பக்கத்து ஆட்டோவைப் பார்த்தபடி சொன்னாள்:
"அன்னிக்கு லைன்ல யாரோ மூச்சு விட்டாங்களாம். அக்கா சொன்னா."
"நெட்வொர்க்கா இருக்கும்."
"நெட்வொர்க் மூச்சு விடுமா?"

கை தானாகப் போய் எஜெக்டை அழுத்தியது.
சிடி பாதி வெளியே வந்து
நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது.
அவள்தான் உருவினாள்,
நடு ஓட்டையில் ஒரு விரல், விளிம்பில் கட்டைவிரல்,
கீறல் விழாமல்.
"சுடுது" என்றாள்.
என் கையெழுத்தை வாசித்தாள், இரண்டே வார்த்தை,
அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.
வைக்க உறை இல்லாமல் மடியில் வைத்துக்கொண்டு
போனை எடுத்து ப்ளூடூத்தை அணைத்தாள்.
திரை வெறுமையானது.

"கேளுங்க" என்றாள்.

சிக்னலில் இன்னும் நூற்றுப் பதினான்கு நொடி இருந்தது.